மண்ணைக் கிளறினால் என்ன கேவலம்?

மலையகத்து ஹட்டன் கூட்டத்தில், கெம்பஸில் மண்ணை ஆராயும் லயத்துப் பிள்ளையிடம் ஒரு ஐயா கேட்டதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "மண்ணைக் கிளறவா கெம்பஸ் போன? அதுக்கு மம்பட்டி போதுமே!" சபையும் சேர்ந்து சிரித்தது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஐயா, அவள் தேடுவது மருந்து. மண்ணில் இருக்கும் ஒரு பக்டீரியா இன்னொன்றைக் கொல்ல எதைச் சுரக்கிறது என்று பார்க்கிறாள். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் பசளை போட்ட மண்ணிலிருந்துதான் கிடைத்தது. வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போர்னியோ காட்டு மண்ணிலிருந்து. எல்லாம் மண்ணைக் கிளறி எடுத்ததுதான்.

என் அப்பாவுக்குச் சீனி வருத்தம், காலில் புண். லேப் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் நேரே ஆர், ஆர், ஆர். அந்த மருந்துக்குக் கிருமி அசையாது என்று அர்த்தம். கேட்கும் என்று எழுதியிருந்தது ஒரே ஒரு மருந்து, அது கண்டியிலிருந்து வந்து சேருவதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. ஆயுள் முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் கான் என்ற வடிகால் வெட்டி, முள்ளுக் கருவியால் மண்ணைக் குத்திய மனுசன். அவர் பிடித்த மம்பட்டியைத்தான் நீங்கள் ஏச்சுப் பேச்சாக்கினீர்கள்.

"கண்டபடி அன்டிபயோட்டிக் குளிசை போடுவதை நிறுத்தினால் போதும், புது மருந்து எதற்கு?" என்று இன்பாக்ஸில் ஒருவர். சரி, நிறுத்தத்தான் வேண்டும். ஏற்கெனவே மருந்துக்கு மசியாமல் போன கிருமியை என்ன செய்வது? 2019இல் மட்டும் அப்படிப்பட்ட கிருமிகளால் நேரடியாகச் செத்தவர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் பேர்.

"தோண்டினாலும் பழைய மருந்துதானே கிடைக்கும்?" இது நியாயமான கேள்வி. ஆய்வுகூடத் தட்டில் வளர்வதையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அப்படித்தான். மண்ணில் உள்ள பக்டீரியாவில் பெரும்பாலானவை தட்டில் வளரவே வளராது. அவற்றை மண்ணுக்குள் வைத்தே வளர்க்க ஒரு சின்னக் கருவி செய்தார்கள், அப்படிக் கிடைத்த டெய்க்ஸோபாக்டின் என்ற புது மருந்தை 2015இல் அறிவித்தார்கள். அது இன்னும் பார்மசிக்கு வரவில்லை, அவ்வளவு மெதுவான வேலை. லாபமும் இல்லை. பிளாசோமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்துக்கு 2018இல் அனுமதி வாங்கிய கம்பனி அடுத்த வருடமே திவாலானது. கம்பனி செய்யாததை இந்த மாதிரிப் பிள்ளைகள்தானே செய்ய வேண்டும்?

அவர்களுக்கு மரியாதையாவது உண்டா? ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும். அமெரிக்காவிலேயே அப்படியென்றால், தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து போன பிள்ளைக்குச் சபையில் சிரிப்புத்தான் கிடைக்கும் போல.

தங்கச்சி, இதைப் பார்த்தால் எங்கள் தோட்டத்துக்கு வா. கான் ஓர மண்ணோ, பழைய தேயிலைத் தூர் மண்ணோ, எது வேண்டுமென்றாலும் எடுக்கலாம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி நான் கேட்கிறேன்.