குதிரை வருவதாலேயே அது குழந்தைப் படம் ஆகிவிடாது

சனிக்கிழமை நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிள்ளைகளுக்காகக் குதிரைப் படம் போட்டபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். அன்றிரவே வாட்ஸப் குழுவில் எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பேசியவர்கள் நீங்கள், தீர்ந்ததும் உங்களுக்குத்தான். படம் முடிவதற்கு முன்பே ஏழு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கியவன் நான். அவள் அழுதது உண்மை, சத்தமாக அழுததும் உண்மை. "இதனால் மற்றக் குழந்தைகளின் மகிழ்ச்சி கெட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அந்த மகிழ்ச்சி எது என்பதை அவர் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும். ஏனென்றால் அப்போது திரையில் ஓடிக்கொண்டிருந்தது, செத்துப்போன ஒரு குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும் காட்சி.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், சலித்துக்கொள்ள வேண்டாம். ஒரு படத்தில் குதிரை வருகிறது என்பதால் மட்டும் அது குழந்தைகளுக்கான படம் ஆகிவிடாது. சுவரொட்டியில் பளபளக்கும் கறுப்புக் குதிரையையும் பின்னால் பச்சைப் புல்வெளியையும் பார்த்துவிட்டு "பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்று முடிவு செய்தீர்கள். நானும் அதே சுவரொட்டியை நம்பித்தான் அவளை அழைத்து வந்தேன், முன்கூட்டியே பார்க்காதது என் தவறு. இதை நானே ஒப்புக்கொள்வதால், குழுவில் இனி யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று போட்டது 1994இல் வந்த 'பிளாக் பியூட்டி'. அதற்கு மூலமான நாவலை இங்கிலாந்தின் அன்னா சுவெல் எழுதி 1877இல் வெளியிட்டார். பதினான்கு வயதில் காலில் அடிபட்டு, நடக்கச் சிரமப்பட்டு, எங்கு போவதற்கும் குதிரை வண்டியையே நம்பியிருந்த பெண்மணி அவர். குதிரையின் தலை எப்போதும் கம்பீரமாக நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக வாரால் இழுத்துக் கட்டும் வழக்கம் அன்றைய பணக்கார வீடுகளில் இருந்தது. குதிரைக்கு அது ஓயாத வேதனை. அந்த வழக்கத்தை எதிர்த்தும், குதிரைகளோடு வேலை செய்யும் மனிதர்களின் மனம் கொஞ்சம் இளகட்டும் என்றும் எழுதிய நூல் அது. வெளியான சில மாதங்களிலேயே, 1878இல், அவர் இறந்துபோனார். ஆக, சவுக்கைக் கையில் வைத்திருந்த பெரியவர்களின் நெஞ்சைக் குத்துவதற்காக எழுதப்பட்ட ஒரு கதையை, சவுக்கையே பார்த்திராத ஏழு வயதுக் குழந்தையின் முன்னால் விரித்து வைத்துவிட்டு, அது ஏன் குத்துகிறது என்று நாம் வியந்துகொண்டிருக்கிறோம்.

அந்தப் படத்தில் ஜிஞ்சர் என்றொரு பெண் குதிரை வருகிறது. ஜிஞ்சர் என்றால் இஞ்சி என்று நான்தான் காதில் சொன்னேன். அந்தப் பெயர் அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், அரை மணி நேரத்துக்குள் இஞ்சி எங்கள் வீட்டுக் குதிரையாகிவிட்டது. முதல் பாதியில் தன் தோழனோடு புல்வெளியில் ஓடிய இஞ்சி, கைமாறிக் கைமாறி, லண்டனின் வாடகை வண்டியில் எலும்பும் தோலுமாக நிற்கிறது. பிறகு அந்த வண்டிக் காட்சி. "அப்பா, இஞ்சி தூங்குதா?" என்று கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"யு சான்றிதழ் தர வேண்டிய படம்தானே, அமெரிக்காவிலேயே எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று 'ஜி' கொடுத்திருக்கிறார்களே" என்று ஆதாரத்தோடு பதிவிட்ட நண்பருக்கு நன்றி. கொடுத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் எதை அளக்கிறது? ரத்தம் எவ்வளவு, வசைச்சொல் உண்டா, ஆபாசம் உண்டா, புகையும் மதுவும் உண்டா என்றுதான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்க வேண்டிய 'யுஏ' வகையை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள்; நல்ல காரியம், நானும் வரவேற்றேன். ஆனால் தாயையும் குட்டியையும் பிரிக்கும் காட்சிக்கும், நட்போடு திரிந்த விலங்கு தனியாகச் சாகும் காட்சிக்கும் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. துளி ரத்தம் இல்லாமல் ஒரு குழந்தையின் நான்கு இரவுத் தூக்கத்தைக் கெடுக்க முடியும் என்பதை அளக்கும் கருவி எந்தத் தணிக்கை வாரியத்திடமும் இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவரிடம் மட்டுமே அது இருக்கிறது, அவர் படத்தை முன்கூட்டிப் பார்த்திருந்தால்.

அடுத்தது, "உலகம் கொடியது, இப்போதே பழகட்டும்" என்ற அறிவுரை. மிக்க நன்றி. உலகத்தின் கொடுமையைச் சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, பாப்கார்னோடும் குளிர்பானத்தோடும் அறிமுகப்படுத்தும் திட்டம் நம் குடியிருப்பில் தொடங்கப்பட்டிருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் மகளுக்கு மரணம் தெரியும். சென்ற ஆண்டு அவளுடைய ஆச்சி இறந்தபோது கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். பக்கத்தில் நாங்கள் இருந்தோம், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்தது. இருட்டில், ஐம்பது பேர் நடுவில், எதிர்பாராத நேரத்தில் வந்து விழுவது வேறு.

ஒரு தோழி மட்டும் தனிச்செய்தியில் பண்பாக எழுதியிருந்தார்: தன் மகன் வளர்த்த நாய் இறந்தபோது, ஒரு சோகப் படத்தைப் பார்த்து அழுதுதான் அவன் தேறினானாம். இருக்கலாம். அவனுக்கு அது உதவியிருக்கும், மகிழ்ச்சி. என் மகள் அவனில்லை.

"நாங்களெல்லாம் இதையெல்லாம் பார்த்து வளரவில்லையா?" என்பவர்களுக்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் பார்த்து வளர்ந்தவன்தான். எனக்கு எட்டு வயதிருக்கும்போது குடும்பத்தோடு பழனிக்குப் போயிருந்தோம். அடிவாரத்துக்குப் போக ஜட்கா வண்டி பிடித்தார்கள். பெரியவர்கள் ஐந்து பேர், நான், மூட்டை முடிச்சுகள். இத்தனைக்கும் ஒரே ஒரு மெலிந்த வெள்ளைக் குதிரை. மழை பெய்து சாலை நனைந்திருந்தது. ஒரு திருப்பத்தில் அது வழுக்கி முன்னங்கால்கள் மடங்கி விழுந்தது. வண்டிக்காரர் இறங்கி அடித்தார். அது எழ முயன்று மறுபடியும் விழுந்தது. எனக்கு இன்றும் நினைவிருப்பது அதன் முழங்கால் ரத்தம் அல்ல, அதன் கண். நான் அழுதேன். மலையேறும்போதும் அழுதேன், பஞ்சாமிர்தம் கொடுத்தும் நிற்கவில்லை. சித்தப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "குதிரைக்கு அழுதவன்" என்று பெயர் வைத்தார். பொங்கலுக்குச் சொன்னார், தீபாவளிக்குச் சொன்னார், என் திருமணத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னிலையிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பெயர் வரும். என் அப்பா அன்று பழனிச் சாலையில் என் கையைப் பிடித்திருந்தார். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியை எதிர்த்து, "அவன் அழட்டும், விடுடா" என்று ஒரு வார்த்தை. நாற்பது வருடங்களுக்குப் பிறகும் நான் அந்த ஒரு வார்த்தையைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது சனிக்கிழமை படியிறங்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. மேலே யாரோ சிரித்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அப்படியானால் குதிரைப் படமே காட்டக் கூடாதா?" என்று கேட்கிறீர்கள். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? மெரினாவில் குதிரையைக் கண்டால் ஐஸ்கிரீமையும் மறந்து நிற்பவள் அவள். குதிரைப் படம் அவளுக்கு வேண்டும். எந்தக் குழந்தைக்கு எது தாங்காது என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக, 2002இல் வந்த 'ஸ்பிரிட்' கார்ட்டூன் படத்தையே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பார்கள். அழகான படம், குதிரைகள் மனிதரைப் போல வாயசைத்துப் பேசாததே அதற்குப் பெரிய பெருமை. ஆனால் ரெயின் என்ற பெண் குதிரை குண்டடிபட்டு ஆற்றோடு போகும் இடம் உண்டு. அது பிழைத்துவிடும். பிழைக்கும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் என் மகளால் அந்தக் காட்சியைத் தாண்ட முடிகிறது, சொல்லாவிட்டால் முடியாது. "முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும்" என்பவர்கள், அந்தச் சுவாரசியத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும். அதே வரிசையில் 2021இல் வந்த புதிய படத்தில் தொடக்கத்திலேயே சிறுமியின் அம்மா குதிரைச் சாகசத்தில் இறந்துவிடுகிறார். எந்தச் சுவரொட்டியும் அதைச் சொல்லவில்லை.

1979இன் 'தி பிளாக் ஸ்டாலியன்' படத்தில் ஆளில்லாத கடற்கரையில் ஒரு சிறுவனும் அரபுக் குதிரையும் மெல்ல மெல்ல நெருங்கும் பகுதி, வசனமே இல்லாமல் நீண்டுகொண்டு போகும். திரையில் அதைவிட மென்மையான குதிரைக் காட்சிகளை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடற்கரைக்கு வருவதற்கு முன் கப்பல் எரிந்து மூழ்க வேண்டும், சிறுவனின் தந்தை போய்விட வேண்டும். அப்பா வெளியூர் போனாலே தூங்காத குழந்தை என்றால், கப்பலைக் கதையாகச் சொல்லிவிட்டு, கடற்கரையிலிருந்து ஓடவிடுங்கள். படத்தை முதல் காட்சியிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்று சட்டமில்லை. பகலில், வீட்டில், நிறுத்தும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பாருங்கள்.

படுத்திருக்கும் குதிரை நடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் நடிக்கவில்லை என்பது வேறு விஷயம்; 1939இல் வந்த ஒரு ஹாலிவுட் கௌபாய் படத்துக்காக உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் பாய வைத்த குதிரை இறந்தே போனது, அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் அங்கே படப்பிடிப்பில் விலங்குகளைக் கண்காணிக்க ஆள் வந்தது. இன்று பயிற்சியாளர் சைகை காட்டினால் அது படுக்கும், வேலை முடிந்ததும் எழுந்து கேரட் தின்னும். திங்கட்கிழமை இரவு இதைச் சொன்னபோதுதான் என் மகள் சற்று நேரம் தூங்கினாள்.

இந்த வாரம் 1944இன் 'நேஷனல் வெல்வெட்' படத்தை, பிள்ளை தூங்கிய பிறகு, இரண்டு இரவுகளாகப் பிரித்து நான் முதலில் பார்த்தேன். சிறுமி எலிசபெத் டெய்லர் சீட்டுக் குலுக்கலில் கிடைத்த குதிரையைப் பெரும் பந்தயத்துக்குத் தயார்செய்யும் கதை. நடுவில் குதிரைக்கு ஒரு நாள் நோய் வருகிறது. காலையில் மகளிடம் சொன்னேன்: "ஒரு ராத்திரி அதுக்கு உடம்பு முடியாமப் போகும். ஆனா விடியறதுக்குள்ள சரியாயிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ராத்திரி அதுகூட யாராவது இருப்பாங்களா?" என்றாள். இருப்பார்கள் என்றேன். சரி, பார்க்கலாம் என்றாள்.

இதற்கிடையில் குழுவில் நேற்று ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. குழந்தைகளுக்குக் குதிரைகள் பிடித்திருப்பதால், அடுத்த மாதம் 'வார் ஹார்ஸ்' திரையிடப்படுமாம். முதல் உலகப் போர், பீரங்கி இழுக்கும் குதிரைகள், முள்கம்பிச் சுருளில் சிக்கித் துடிக்கும் குதிரை. நீங்கள் மேற்கோள் காட்டிய அதே அமெரிக்கச் சான்றிதழில் இதற்கு 'பிஜி-13', அதாவது பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சில காட்சிகள் ஒவ்வாமல் போகலாம் என்ற எச்சரிக்கை. இந்தப் படத்தை முழுதாகப் பார்த்தவர்கள் செயற்குழுவில் யாராவது இருக்கிறார்களா என்று நேற்றிரவு ஒன்பதே காலுக்குக் கேட்டிருந்தேன். இதுவரை முப்பத்தோரு பேர் என் கேள்வியைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒரு குதிரைப் பொம்மையை அனுப்பியிருக்கிறார்.