அச்சு அசலா வேணுமாம், அசல் எங்கே?

"எல்லாம் நல்லா இருக்கு சார். ஆனா முகச்சாயல்தான் வரலை."

இருபது வருடமாகப் படம் வரைகிறேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் காது மடல் வரைக்கும் சூடாகிவிடும்.

ஒரு அரங்கத்தின் குழுவினர் சுவரில் மாட்ட ஐந்து படங்கள் கேட்டார்கள். வள்ளுவர், ராஜராஜன், வேலு நாச்சியார், கட்டபொம்மன், பாரதி. "அச்சு அசலா, உரிச்சு வச்ச மாதிரி இருக்கணும்" என்பது ஒன்றுதான் நிபந்தனை. மூன்று மாதம் உட்கார்ந்தேன். அதில் வரைந்த நேரம் பாதி, தேடிய நேரம் பாதி. முடித்ததும் கொண்டுபோய் வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தேன். செயலாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி. பிறகு திரும்பி அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஐந்துக்கும் சேர்த்து.

பாரதிக்கு மட்டும் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன். பாரதிக்குப் புகைப்படம் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், சண்டை போடலாம். வேலு நாச்சியாருக்கு எந்தச் சாயல்? அவர் இறந்தது 1796. புகைப்படம் எடுக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்ததே 1839ல்தான். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. "நாச்சியார் இப்படி இருக்க மாட்டாங்களே சார்" என்று ஒருவர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்றால், ஒன்று போன பிறவியில் அவர் சிவகங்கைக் கோட்டை வாசலில் காவல் நின்றிருக்க வேண்டும். இல்லை, 2008ல் வந்த தபால்தலையைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தபால்தலையில் இருப்பதும் என்னைப் போல ஒருத்தர் யோசித்து வரைந்த முகம்தானே ஐயா!

அதே குழுவில் இன்னொருவர் "வேலு நாச்சியார் ஒரிஜினல் போட்டோ" என்று வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். 1796, 1839 என்று இரண்டு வருடங்களையும் பதிலாகப் போட்டேன். "இருந்தாலும் பாருங்க சார், யூஸ் ஆகும்" என்று வந்தது. இருந்தாலுமா? நாற்பது வருட இடைவெளியை ஒரு "இருந்தாலும்" போட்டுத் தாண்டிவிட்டார்.

கட்டபொம்மன் விஷயம் இன்னும் கொடுமை. அது ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது சிவாஜி மாதிரி இல்லை. 1959ல் திரையில் அவர் நின்று கேட்ட கேள்விகள் இன்னும் நம் காதில் ஒலிக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன், எனக்கும்தான். ஆனால் 1961ல் வ.உ.சி.யாக வந்ததும் அவர்தான். 1973ல் ராஜராஜ சோழனாக வந்ததும் அவர்தான். பதினோராம் நூற்றாண்டு மன்னர், பதினெட்டாம் நூற்றாண்டுப் பாளையக்காரர், இருபதாம் நூற்றாண்டு வக்கீல், மூன்று பேருக்கும் ஒரே மூக்கு. அதில் வ.உ.சி.க்கு நல்ல புகைப்படங்களே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வரைந்து கொடுத்தாலும், "ஏதோ ஒண்ணு குறையுது சார்" என்பார்கள். குறைவது என்ன என்று எனக்குத் தெரியும். சொன்னால் சண்டை வரும்.

சரி, ராஜராஜன். இவருக்கு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது, அதுதான் சிக்கலே. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியிருக்கும் உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931ல் வெளியே தெரிந்தன. அதில் தாடி வைத்த முதியவர் ஒருவரும், அவருக்குப் பின்னால் ஒரு இளைஞரும் இருக்கிறார்கள். முதியவர் ராஜராஜனின் குருவாகச் சொல்லப்படும் கருவூர்த் தேவர், இளைஞர் ராஜராஜன் என்று பலரும் சொல்கிறார்கள். இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே பெயர் எழுதவில்லையே! சரி, ராஜராஜன் என்றே வைத்துக்கொள்வோம். அந்த முகத்தை நாள்கணக்கில் உற்றுப் பார்த்தேன். வில் மாதிரி புருவம், நீண்ட கண், சின்ன வாய். அப்புறம் பக்கத்துச் சுவரில் ஆடும் பெண்களைப் பார்த்தேன். அதே புருவம், அதே கண். அது ராஜராஜனின் கண் இல்லை, அந்த ஓவியனின் கண். அவன் கை அப்படித்தான் கண் போடும்.

பெயர் எழுதிய இடத்தில் மட்டும் பிரச்சினை தீர்ந்ததா? மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் பல்லவ மன்னர்கள் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரவர்மனும் தத்தம் தேவியரோடு இருக்கிறார்கள், மேலே கல்வெட்டே பெயர் சொல்கிறது. முகத்தைப் பார்த்தால் அரசனுக்கு உரிய முகம் தெரிகிறதே தவிர, மகேந்திரன் என்கிற தனி ஆள் தெரிவதில்லை. தெரியவும் தெரியாது. நம் சிற்பிக்கு அளவுகோலே முகம்தான். மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரைக்கும் ஒரு தாலம், அதை வைத்து உடம்பு ஒன்பது தாலம், பத்துத் தாலம் என்று கணக்கு. அந்தக் கணக்குக்குள் யாருடைய கோணல் மூக்குக்கும் இடம் கிடையாது. அவர்கள் வேலை வேறு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைப் பாஸ்போர்ட் போட்டோவாக எடுத்துக்கொண்டு என் கழுத்தில் கத்தி வைப்பதுதான் குறை.

நான் கொடுத்த ராஜராஜனுக்குச் செயலாளர் சொன்ன குறை, "கம்பீரம் பத்தலை." விசாரித்ததில், கம்பீரம் என்றால் தோள் அகலமாம். முப்பது வருடம் அரசாண்ட ஒரு மனிதருக்கு வயிறு லேசாகத் தொந்தி போட்டிருந்தால் என்ன குடி முழுகிப்போகிறது? நேரில் பார்த்தவர் எழுதிவைத்தாலே நாம் நம்புவதில்லை. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துக்கீசியர், கிருஷ்ணதேவராயரைப் பார்த்து எழுதியிருக்கிறார்: நடுத்தர உயரம், ஒல்லி என்பதைவிடப் பருமன் என்று சொல்லலாம், முகத்தில் அம்மைத் தழும்பு. கண்ணால் கண்ட சாட்சி, ஒரு ஓவியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! எங்கேயாவது அம்மைத் தழும்போடு ஒரு ராயர் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வரைந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார்க்கிறேன், வரைய மாட்டேன்.

வள்ளுவரைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. வேணுகோபால் சர்மா வரைந்த படம் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது 1964ல். அதுக்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் வெளியிட்ட தங்க நாணயத்தில் வள்ளுவர் குடைக்குக் கீழே அமர்ந்த துறவி மாதிரி இருக்கிறார். இரண்டுமே கற்பனை. சர்மாவின் கற்பனை ஊரெல்லாம் பரவிவிட்டது, நல்ல படம், பரவட்டும். ஆனால் "வள்ளுவர் தாடி இவ்வளவு நீளம் கிடையாது" என்று ஸ்கேல் வைத்து அளக்காத குறையாக ஒருவர் சொன்னபோது, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "நாச்சியார் ஏன் இவ்வளவு கருப்பா இருக்காங்க?" சிவகங்கை வெயிலில் குதிரை ஏறி அலைந்தவர், எட்டு வருடம் தலைமறைவாக இருந்து படை திரட்டியவர். ஏசி அறையில் வளர்ந்த கன்னம் அவருக்கு எப்படி வரும்? இப்போது ஏஐ வேறு வந்துவிட்டது. பெயரைத் தட்டினால் போதும், கோதுமை நிறம், ரோஜா உதடு, நகைக்கடை விளம்பரத்துக்கு வந்த மாதிரி ஒரு நாச்சியார் பத்து நொடியில் வந்துவிடுகிறார். அதைக் கொண்டுவந்து நீட்டி, "கம்ப்யூட்டரே சொல்லுது பாருங்க" என்கிறார்கள். என்ன சொல்கிறது? இணையத்தில் கிடக்கிற ஆயிரம் கற்பனைகளைக் கலந்து ஆயிரத்து ஓராவது கற்பனையைச் சொல்கிறது.

இனி பாரதி. உண்மையில் என் வயிற்றெரிச்சல் முழுக்க இந்தப் படத்தில்தான்.

பாரதியின் அசல் புகைப்படங்கள் என்று கிடைத்திருப்பவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். நம் கைக்கு வருவதெல்லாம் நகலின் நகலின் நகல். அதில் கண் இருக்கும் இடத்தில் இருப்பது ஒரு கருப்புத் திட்டு. அந்தக் கருப்புக்குள் இமை எங்கே முடிகிறது, விழி எங்கே தொடங்குகிறது, நிழல் எது, அச்சு மை எது என்று பிரிக்க வேண்டும். தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேல் இமைக் கோட்டை அரை மில்லிமீட்டர் ஏற்றினால் ஆள் பயந்துபோன மாதிரி ஆகிறார். அரை மில்லிமீட்டர் இறக்கினால் தூக்கம் வந்த மாதிரி ஆகிறார். 2பி பென்சிலை ஊசி மாதிரி சீவிக்கொண்டு, ஒரு கண்ணுக்கு நான்கு ராத்திரி. வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பேன், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன், மறுநாள் காலையில் பார்த்தால் இடது கண் யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையது. அழித்தால் தாள் பஞ்சாகிவிடும் என்று பயம்.

அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு நிறம் கிட்டத்தட்டக் கண்ணுக்கே தெரியாது. நெற்றியில் குங்குமம் இருந்தால் கருப்பாக விழும், உதடு கருப்பாக விழும், நம் மாதிரி மாநிறத் தோல் இருப்பதைவிட இரண்டு பங்கு கருத்து விழும். போட்டோவில் தெரிகிற கன்னக்குழி நிஜக் குழியா, தோல் சிவந்த இடமா? அதையும் யோசித்துத்தான் ஷேடிங் போட வேண்டும். ஒரே கோணத்தில் ஒரே போட்டோ என்றால் பக்கவாட்டில் மூக்கு எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். கணிதமேதை ராமானுஜனுக்கு அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் மார்பளவு சிலை செய்தது பாஸ்போர்ட் படத்தை வைத்துக்கொண்டு. அந்த மனிதர் காதுக்குப் பின்னால் களிமண்ணை வைக்கும்போது எத்தனை தடவை கை நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவும் பார்த்து, தாடி வைத்த ஒரு புகைப்படத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, பாரதியை அவருடைய வயதோடு வரைந்தேன். அவர் இறக்கும்போது 38 வயதுதான். நாம் எல்லாரும் அவரை ஐம்பது வயதுப் பெரியவராக மனதில் வைத்திருக்கிறோம். என் பாரதி இளைத்த, களைத்த, சின்ன வயசுக்காரர். எனக்கே அவரைப் பார்த்தால் தொண்டை அடைத்தது.

செயலாளர் சொன்னார்: "பாரதிக்கு ஏது சார் தாடி? தாடி வச்சா தாகூர்."

புகைப்படத்தை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இது பாரதி மாதிரியே இல்லையே" என்றார்.

பாரதியின் போட்டோ பாரதி மாதிரி இல்லையாம்! இதற்கு மேல் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவருக்கு வேண்டியது அந்தப் படம். முறுக்கிய மீசை, முண்டாசு, கருப்புக் கோட்டு, எதிரில் இருப்பவரைச் சுட்டுவிடும் கண். ஆர்யா என்கிற பாஷ்யம், 1932ல் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறித் தேசியக் கொடி கட்டினாரே, அவர் வரைந்த பாரதிக்கு அந்த உருவத்தில் பெரிய பங்கு உண்டு. அருமையான ஓவியர், எனக்கு அவர்மேல் கோபமே இல்லை. அதைப் பார்த்து ஒருத்தர், அந்த ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் என்று வரைந்து வரைந்து, இப்போது காலண்டரிலும் சுவரிலும் இருப்பது முகமே இல்லை, நான்கு சாமான்களின் பட்டியல். வட்டக் கண்ணாடியும் வழுக்கையும் போட்டால் காந்தி, முண்டாசும் மீசையும் போட்டால் பாரதி.

நம்பாதவர்களுக்காக ஒரு சோதனை செய்தேன். பாரதியின் போட்டோவிலிருந்து புருவத்துக்கும் கீழுதட்டுக்கும் நடுவில் இருக்கும் பகுதியை மட்டும், மீசையை விட்டுவிட்டு, பெரிதாக வரைந்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சரியாக ஒரு முகம் வந்ததில்லை. வீட்டுக்கு வந்த ஆறு பேரிடம் காட்டினேன். ஒருவர் எனக்குத் தம்பி இருக்கிறாரா என்று கேட்டார். ஒருவர், ஏதோ சீரியலில் வருகிற ஆள் என்றார். மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பாரதி என்று ஒருவரும் சொல்லவில்லை. படத்தின் மேல் முண்டாசு மாதிரி ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்தேன். "அட, பாரதியார்!" ஆறு பேரும்.

கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பணம் வாங்கியாகிவிட்டதே. தாடியை எடுத்தேன், மீசையை முறுக்கினேன், கண்ணைப் பெரிதாக்கி உள்ளே வெள்ளைப் புள்ளி வைத்தேன். கோட்டுக்குக் கருப்பு அடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டபொம்மனுக்கு மூக்கை மாற்றினேன், யாருடைய மூக்கு என்று உங்களுக்கே தெரியும். ராஜராஜனுக்குத் தோளை இரண்டு அங்குலம் அகட்டினேன்.

செயலாளர் மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். பாரதிக்கு முன்னால் நின்றார். "இப்பதான் சார் உயிர் வந்திருக்கு. ஏன் சார், இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே?"

தாடிப் பாரதி என் மேசைக்கு எதிரே இருக்கிறார். போன வாரம் ஃபேன் ரிப்பேருக்கு வந்த தம்பி ஏணியில் நின்றபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "யார் சார் இவரு, ரொம்பப் பசியோட இருக்காரு" என்றான்.