அந்தக் கூடாரப் படத்தில் ஒரு கடிகாரம் இருந்தது

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் கர்டிஸ் 1910 வாக்கில் எடுத்த 'இன் எ பீகன் லாட்ஜ்' (பீகன் என்ற தொல்குடியினரின் கூடாரத்துக்குள்) படம், அமெரிக்கத் தொல்குடிகள் நவீனப் பொருள் எதுவும் தொடாமல் வாழ்ந்ததற்குச் சான்று என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். படம் அருமையானதுதான். ஆனால் அச்சில் வந்தது திருத்தப்பட்ட வடிவம்.

லிட்டில் ப்ளூமும் அவர் மகன் யெல்லோ கிட்னியும் அமர்ந்திருக்கிறார்கள். புகைக்குழாயும் அதன் சாமான்களும் தரையில். மூலப் படத்தில் இருவருக்கும் நடுவே, வட்ட முகம் தெரிய, ஒரு கடிகாரம்! கர்டிஸின் 'தி நார்த் அமெரிக்கன் இந்தியன்' நூல்வரிசையில் 1911இல் வெளியான 6ஆம் தொகுதியின் படத்தில் அது அழிக்கப்பட்டிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரை ஆங்கிலத்தில் தேடினால் கடிகாரம் உள்ள படம் வரும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நூலகம் கர்டிஸின் அந்த நூல்வரிசையை மின்வடிவில் வைத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, நடுப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான்: கடிகாரம் வைத்திருந்ததால் அவர்கள் பீகன் மக்கள் இல்லை என்று ஆகிவிடுமா? அது அவர்கள் வீட்டுப் பொருள். பகிர்வதென்றால் கடிகாரம் உள்ள படத்தையும் சேர்த்தே பகிருங்கள்.