பந்திக்குக் கூட்டம் வந்தது, இலைதான் இல்லை

2024 ஜூலை முதல் வாரம். எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ரீசார்ஜ் கடையில் மாதக்கணக்காக மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த பிஎஸ்என்எல் சிம் டப்பா, திடீரென்று மேசைக்கு இறங்கியிருந்தது. கடைக்கு வெளியே ஆதார் அட்டையும் கையுமாக எட்டுப் பேர் நின்றார்கள். கடைக்காரர் எனக்குப் பழக்கம். "என்ன அண்ணாச்சி, திருவிழாவா?" என்று கேட்டேன். "அடுத்த தெருவில் விலையைக் கூட்டிவிட்டார்கள். அதனால் இந்தத் தெருவில் திருவிழா" என்றார், விரல்ரேகைக் கருவியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அந்த வாரம் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியிருந்தன. சில திட்டங்களில் உயர்வு 25 சதவீதம் வரை போனது. பிஎஸ்என்எல் மட்டும் கை வைக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் அதற்கு 29 லட்சம் இணைப்புகள் கூடின. மற்ற மூன்றும் சேர்ந்து 38 லட்சத்துக்கு மேல் இழந்தன. ஆகஸ்டிலும் பிஎஸ்என்எல்லுக்கு 25 லட்சம் கூடியது. செப்டம்பரில் அது 8 லட்சம் சொச்சமாகச் சுருங்கி, அக்டோபரில் 5 லட்சமாயிற்று. நவம்பரில் கணக்கு தலைகீழாகி, 3 லட்சத்துக்கு மேல் குறைந்தது. இவை எல்லாம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதந்தோறும் வெளியிடும் அட்டவணையில் இருப்பவைதான்.

பிளஸ் ஒன் பொருளியலில் 'குறுக்குத் தேவை நெகிழ்ச்சி' என்று ஒரு தலைப்பு வரும். காபித்தூள் விலை ஏறினால் தேயிலை எவ்வளவு கூடுதலாக விற்கும் என்கிற சமாச்சாரம். வாத்தியார் நடத்தும்போது எனக்குக் கண் சொருகும். அந்தப் பாடத்துக்கு நாடே சேர்ந்து செய்துகாட்டிய செய்முறைதான் அந்த ஐந்து மாதங்கள். பக்கத்துக் கடையில் விலை ஏறியதும் மக்கள் ஓடிவந்தது பாதிப் பாடம். நவம்பரில் ஏன் கிளம்பிப் போனார்கள் என்பது மீதிப் பாடம். பிஎஸ்என்எல் கட்டணம் ஏறவில்லை, மற்றவர்கள் குறைக்கவும் இல்லை. விலை நின்ற இடத்தில் நிற்க, வாடிக்கையாளர் நகர்கிறார் என்றால் காரணம் விலையில் இல்லை. ஜியோவும் ஏர்டெல்லும் 5ஜி விற்றுக்கொண்டிருந்த அந்த நாட்களில் பிஎஸ்என்எல்லின் 4ஜி நாட்டின் பெரும்பகுதிக்குப் போய்ச்சேரவே இல்லை.

"அதை இனி யார் வாங்குவார்கள், இழுத்து மூடுங்கள்" என்கிறவர்களோடு எனக்குச் சண்டை இருப்பது இதனால்தான். வாங்க ஆள் இல்லாமல் அந்த நிறுவனம் நொடிக்கவில்லை. அதன் வரலாற்றைப் புரட்டினால், ஆள் வந்து நிற்கிற நேரத்திலெல்லாம் கையில் சரக்கு இல்லாமல் நின்றிருக்கிறது. "தனியாருக்காகக் கொன்றுவிட்டார்கள்" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிற நண்பர்களோடும் எனக்குப் பாதிச் சண்டைதான். கொலை நடந்தது உண்மை. ஆனால் ஆயுதம் கோப்பு.

2000 அக்டோபர் 1 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பிரிந்து பிஎஸ்என்எல் நிறுவனமானது. டெல்லியும் மும்பையும் இன்னொரு அரசு நிறுவனமான எம்டிஎன்எல் கையில் இருந்தன. மிச்ச நாடு முழுவதும் இதற்கு. தனியார் மொபைல் சேவை 1995-லேயே வந்துவிட்டது. பிஎஸ்என்எல் செல்ஒன் என்ற பெயரில் மொபைலுக்குள் வந்தது 2002 அக்டோபரில். ஏழு ஆண்டுகள் பிந்தி வந்தும் அடித்து நொறுக்கியது. செல்ஒன் சிம்முக்கு வரிசையில் நின்றதும், அதிகாரி யாராவது தெரிந்தவரா என்று விசாரித்ததும் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2004-05-இல் நிகர லாபம் 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் காலத்தில் ஆண்டு வருவாய் 40,000 கோடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2024-25-இல் சேவை வருவாய் 20,841 கோடி. இருபது ஆண்டு விலைவாசி உயர்வைக் கழிக்காமலே பாதி.

நடுவில் என்ன நடந்தது? 2006 மார்ச்சில் இந்தியாவில் மொபைல் இணைப்புகள் சுமார் 9 கோடி. 2010 மார்ச்சில் 58 கோடி. உலகத்தில் எந்தச் சந்தையும் அப்படிப் பெருத்ததில்லை என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள். அந்த நான்கு ஆண்டுகளில் யார் கருவிகளை இறக்கி டவர் நட்டார்களோ அவர்கள் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற நிலை. 2006-இல் பிஎஸ்என்எல் 4.55 கோடி இணைப்புகளுக்கான கருவிகளுக்கு டெண்டர் விட்டது. தோற்ற நிறுவனம் நீதிமன்றம் போனது. அந்த வழக்கு ஓய்ந்து, 2007-இல் அமைச்சர் மாறி, விலை அதிகம் என்ற பேச்சு எழுந்து, கடைசியில் கொள்முதல் பாதியாக வெட்டப்பட்டது. அடுத்து 9.3 கோடி இணைப்புகளுக்கு இன்னும் பெரிய டெண்டர். அதையும் 2010-இல், அரசு அமைத்த சாம் பிட்ரோடா குழுவின் பரிந்துரைப்படி ரத்து செய்தார்கள். இரண்டு டெண்டர்கள், நான்கு ஆண்டுகள், நாற்பத்தொன்பது கோடி புதிய இணைப்புகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தொலைத்தொடர்பில் இது மற்றத் தொழில்களைவிடப் பெரிய அடி. ஒரு டவரை நட்டு, மின்சாரம் கொடுத்து, அதற்கு கேபிள் இழுப்பதுதான் செலவு. அதன்பின் அதில் ஆயிரமாவது ஆள் பேசினாலும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகவே கூட்டம் சேர்ந்தவனுக்குத் தலைக்குச் செலவு குறையும், அவன் விலையைக் குறைப்பான், இன்னும் கூட்டம் சேரும். சேராதவனுக்கு இதே சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். இட்லிக் கடையில் ஒரு நாள் மாவு தீர்ந்தால் மறுநாள் கூடுதலாக அரைத்துக்கொள்ளலாம். இங்கே நான்கு ஆண்டு மாவு இல்லை என்றால் தெருவே கைமாறிவிடும்.

தனியார் நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவர் ஒரு வாரத்தில் எடுக்கிற முடிவை, அரசு நிறுவனத்தில் எடுத்தால் கண்காணிப்பு ஆணையமும் தணிக்கையும் நீதிமன்றமும் நாடாளுமன்றக் கேள்வியும் வரிசையில் வரும். வரத்தான் வேண்டும், பொதுப்பணம். ஆனால் தவறாக வாங்கிய அதிகாரிக்கு விசாரணை உண்டு, வாங்காமலே காலத்தைக் கடத்திய அதிகாரிக்கு ஒன்றும் இல்லை. இந்த ஏற்பாட்டில் எந்த மனிதரும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தாமதம் என்ற செலவுக்கு நம் கணக்குப் புத்தகங்களில் தலைப்பே கிடையாது.

2009-10-இல் முதல் நட்டம், 1,823 கோடி. அடுத்த ஆண்டே 6,000 கோடிக்கு மேல். இடையில் 2008-இல், கிராமத் தொலைபேசியால் வரும் பற்றாக்குறையை ஈடுகட்டத் தனியார் நிறுவனங்கள் கட்டிவந்த ஏடிசி கட்டணம் நின்றுபோனது. கிராமத்து லேண்ட்லைன்கள் நிற்கவில்லை. 2010 அலைக்கற்றை ஏலத்தில் தனியார் எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் (ஏறக்குறைய ஒரு மாநிலம்) வேண்டும் என்று பொறுக்கி எடுத்தார்கள். பிஎஸ்என்எல்லுக்கு முன்கூட்டியே ஒதுக்கியிருந்ததால், ஏலத்தில் விழுந்த விலையை அது அப்படியே கட்ட வேண்டியதாயிற்று. 3ஜிக்கு 10,186 கோடி, அகலக்கற்றை அலைவரிசைக்கு 8,313 கோடி. நல்ல நாட்களில் சேர்த்த கையிருப்பு அங்கே கரைந்தது. கருவி வாங்க விடாமல், அலைக்கற்றையை மட்டும் முழு விலைக்குத் தலையில் கட்டினால் அதற்கு என்ன பெயர்? மாடு இல்லாதவனுக்கு மூக்கணாங்கயிறு.

4ஜி கதை இன்னும் கசப்பு. ஜியோ 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி இலவசமாகக் கடை திறந்தது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தரலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது 2019 அக்டோபரில். 2020 மார்ச்சில் டெண்டர் வந்தது, கல்வான் எல்லை மோதலுக்குப் பின் சீனக் கருவி கூடாது என்று சில மாதங்களில் அதுவும் ரத்து. பிறகு, உள்நாட்டுத் தொழில்நுட்பம்தான் வேண்டும் என்ற முடிவு. டிசிஎஸ், தேஜஸ் நிறுவனங்களும் அரசின் சி-டாட் ஆய்வு மையமும் சேர்ந்து உருவாக்கியதை 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஜியோவுக்கும் இதற்கும் ஒன்பது ஆண்டு இடைவெளி.

உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை நான் கிண்டல் செய்யவில்லை. உலகில் நான்கைந்து நாடுகளிடம் மட்டுமே இருக்கிற திறமை அது, நமக்கும் வாய்த்தது சின்ன விஷயமில்லை. என் கேள்வி ஒன்றுதான்: அந்த ஆராய்ச்சிக்கான கூலியை யார் கொடுத்தார்கள்? தனியார் நிறுவனங்கள் எரிக்சன், நோக்கியா, சாம்சங் என்று தயாராகக் கிடைத்ததை வாங்கி வியாபாரம் செய்தன. நாட்டுக்கான தொழிற்கொள்கையின் செலவு, காத்திருப்பு என்ற உருவத்தில் பிஎஸ்என்எல்லின் கணக்கில் மட்டும் ஏறியது. பிறகு அதே கணக்கைக் காட்டி "பாருங்கள் நட்டம்" என்கிறோம்.

ஊழியர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மட்டுமே எல்லோரும் பேசிவிட்டார்கள். வருவாயில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போகிறது என்றார்கள். விகிதம் என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே இருந்த வருவாய் பாதியாகச் சரிந்ததை யாரும் பேசவில்லை. 2020 ஜனவரி 31 அன்று 78,569 பேர் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியேறினார்கள். ஆள் மிகுதி என்பது உண்மை. ஆனால் எந்தப் பள்ளத்துக்குள் எந்த கேபிள் போகிறது என்று அறிந்திருந்த லைன்மேன்களும் அன்றைக்கே போனார்கள். 2022 ஆகஸ்டில், லேண்ட்லைன் இணைப்புகளிலேயே ஜியோ பிஎஸ்என்எல்லை முந்தியது. நூறாண்டுக்கு மேல் அரசு கம்பி இழுத்த நாட்டில்.

"மூன்று லட்சம் கோடி மக்கள் வரிப்பணம்" என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 2019, 2022, 2023 ஆகிய மூன்று மீட்புத் தொகுப்புகளையும் கூட்டினால் 3.2 லட்சம் கோடி வருகிறது, சரி. அதில் பெரிய துண்டு அலைக்கற்றையின் மதிப்பு. 2023-இன் 89,047 கோடி பெரும்பாலும் அதுதான். அரசு தன் அலைக்கற்றைக்குத் தானே விலை வைத்து, தன் நிறுவனத்துக்குக் கொடுத்து, பங்காக எழுதிக்கொள்கிறது. சட்டையின் இடது பையிலிருந்து வலது பைக்கு. தனியாருக்கு விற்றிருந்தால் பணம் வந்திருக்குமே என்பீர்கள். அப்படிக் கொடுத்தவற்றில் ஒன்றான 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் ஒரு துண்டுகூட விலைபோகவில்லை. நிஜமாகச் செலவான ரொக்கமும் கணிசம்தான், மறுக்கவில்லை. அதை மட்டும் தனியாக எடுத்துவைத்துத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த நிறுவனம் எனக்கு ஏன் வேண்டும் என்றால், என் கையில் இருக்கிற பிஎஸ்என்எல் சிம்மால் அல்ல. (இருக்கிறது. வங்கி ஓடிபி வருவதற்காக. நான் அதற்கு மாதம் கொடுப்பது ஒரு சாப்பாட்டுக் காசு. ஜியோவும் ஏர்டெல்லும் ஓர் ஆளிடமிருந்து சராசரியாக மாதம் 200 ரூபாய்க்கு மேல் எடுக்கும்போது, பிஎஸ்என்எல் 100-ஐத் தொடத் திணறுவதற்கு என்னைப் போன்ற உத்தமர்கள்தான் காரணம். பதிவு செய்த எண்களில் உண்மையில் இயங்குபவை எத்தனை என்று பார்த்தாலும் அந்த மூன்றையும்விட இதற்குத்தான் விகிதம் குறைவு.) எனக்கு வேண்டியது, மற்றவர்கள் விலை வைக்கும்போது ஓரக்கண்ணால் பார்க்க ஓர் ஆள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏர்செல் இங்கே வீட்டுக்கு வீடு இருந்தது. 2018 பிப்ரவரியில் சிக்னல் ஒரே நாளில் செத்தபோது, எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஊரெல்லாம் போர்ட் குறுஞ்செய்திக்காகத் தவம் கிடந்தது. ஒரு காலத்தில் பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருந்த சந்தையில் இன்று தனியார் மூன்றே. மூன்றாவதான வோடபோன் ஐடியாவின் நிலுவையைப் பங்காக மாற்றிக்கொண்டதில், 2025-இல் அரசின் பங்கு கிட்டத்தட்ட 49 சதவீதம். ஆக, நான்கில் ஒன்று முழுக்க அரசுடையது, இன்னொன்று ஏறக்குறைய பாதி அரசுடையது, சந்தையை நடத்துவதோ மற்ற இரண்டும். இப்படி ஒரு விசித்திரமான சோஷலிசத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது.

ஆனால் ஓரக்கண்ணால் பார்க்க வைக்க, மலிவாக இருப்பது மட்டும் போதாது. ஓடிவருகிறவனுக்கு உட்கார இடம் இருக்க வேண்டும். 2024-இல் மற்றவர்கள் பதறவில்லை. ஐந்து மாதம் பொறுத்தால் திரும்பி வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வந்தவர்கள் வெளியேறத் தொடங்கிய அதே அக்டோபர்-டிசம்பர் காலாண்டில்தான் பிஎஸ்என்எல் 262 கோடி லாபம் காட்டியது, 2007-க்குப் பிறகு முதல் காலாண்டு லாபம் என்று அரசு அறிவித்தது. தலைப்புச் செய்தியானது அந்த லாபம்தான். அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டிலேயே மறுபடி ஆயிரம் கோடிக்கு மேல் நட்டம் வந்தபோது கைதட்டியவர்களைக் காணோம்.

இப்போது 4ஜி டவர்கள் தொண்ணூறாயிரத்துக்கு மேல் நிற்கின்றன. உள்ளே என்ன வேகம், எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்குகிறது என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். தனியார் அடுத்த முறை விலையை ஏற்றும்போது அண்ணாச்சி கடை முன்னால் மறுபடி வரிசை நிற்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மாதத்து அட்டவணையைப் பகிர்ந்து "பிஎஸ்என்எல் எழுந்துவிட்டது" என்று எனக்கு அனுப்ப வேண்டாம். அதற்கு ஐந்தாவது மாதத்து அட்டவணையை அனுப்புங்கள்.