ஐம்பது ரூபாய் அபராதம் என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறதுங்க

"கஞ்சாக் கேசுக்கெல்லாம் அப்பீலாம்!" என்று நேற்று நம்ம ஏரியா குரூப்பில் ஓடியதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கைதட்டியவர்கள் யார் யார் என்று நானும் பார்த்தேன். பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

பையன் யார் என்று மறுபடி சொல்லப் போவதில்லை. கஞ்சா இழுத்த கேசில் அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளோடு நன்னடத்தைப் பிணையில் விட்டிருந்தார்கள். அதை மீறினான் என்று இப்போது நான்கு மாதம் ஜெயில் போட்டிருக்கிறார்கள். அந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் போடச் சொன்னது நான்தான். அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதையும் ஏதோ கண்டுபிடித்த மாதிரி எழுதியிருந்தார்கள். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அவன் விற்றவன் இல்லை, இழுத்தவன். போலீஸ் போட்டதே 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. கஞ்சா இழுத்ததற்கு அதில் அதிகபட்சம் 6 மாதம், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விற்கிறவனுக்கும் கடத்துகிறவனுக்கும் நன்னடத்தைச் சட்டம் கிடையாது என்று அதே சட்டம் 33-ஆவது பிரிவில் கதவைச் சாத்திவிட்டது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும், 26, 27 பிரிவுகளில் மாட்டியவர்களுக்கும்தான் விலக்கு. அந்த வழியில்தான் இவன் நன்னடத்தைப் பிணையில் வந்தான். எந்தக் கட்சிக்காரரும் போன் போட்டு வாங்கிக் கொடுத்ததில்லை.

மாதாமாதம் நன்னடத்தை அலுவலரைப் பார்க்க வேண்டும், சொல்லாமல் இடம் மாறக் கூடாது, மறுபடி அதைத் தொடக் கூடாது. இவைதான் நிபந்தனைகள். கடைசியை அவன் மீறவில்லை. மற்ற இரண்டையும் மீறினான். அவிநாசிப் பக்கம் வேறு பனியன் கம்பெனிக்கு மாறி, கம்பெனி ரூமிலேயே தங்கிக்கொண்டான். ஷிப்மெண்ட் நெருக்கடியில் தினமும் ஒன்றரை ஷிப்ட். லீவு போட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் கை வைப்பார்கள். கோர்ட்டுக் கேசு என்று காரணம் சொன்னால் திங்கட்கிழமை மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான். திருப்பூரில் இருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"போன் பண்ணியாவது சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். சரி, அடுத்தது.

நிபந்தனையை மீறினால் நேராக ஜெயில்தான் என்று குரூப்பில் ஒருவர் வகுப்பெடுத்தார். 1958-ஆம் வருடத்து நன்னடத்தைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவை அவர் ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் தேவலை. மீறியது உண்மை என்றால் பழைய குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கலாம். அல்லது, முதல் தடவையாக மீறியிருந்தால், 50 ரூபாய்க்கு மிகாமல் அபராதம் போட்டுவிட்டு, பிணையை அப்படியே தொடரவிடலாம். ஐம்பது ரூபாய்ங்க. இன்றைக்கு ஒரு புரோட்டா செட்டுக்குக்கூட வராத காசு. ஆனால் அந்த வழி சட்டத்தில் இருக்கிறது.

இவன் மீறியது முதல் தடவை. கிடைத்தது நான்கு மாதம். ஐம்பது ரூபாய் வழி ஏன் போதாது என்று உத்தரவில் ஒரு வரி இல்லை. அப்பீலில் கேட்பது இதைத்தான். அவன் கஞ்சா இழுக்கவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கஞ்சா நல்லது என்றும் சொல்லவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் "போதைக்கு வக்காலத்தா?" என்றே கேட்கிறவர்களிடம் வேறு எப்படிச் சொல்வது?

"கோர்ட்டை விட உனக்கு அதிகம் தெரியுமோ?" ஏனுங்க, அப்பீலையும் கோர்ட்டில்தானே போடுகிறோம், டீக்கடையிலா? மாஜிஸ்திரேட் உத்தரவை செஷன்ஸ் கோர்ட் இன்னொரு தடவை பார்க்கட்டும் என்றுதானே 30 நாள் கொடுத்திருக்கிறார்கள்?

உத்தரவு நகலுக்கு மனுப் போட அவனுடைய அம்மாவோடு போயிருந்தேன். பிசிர் வெட்டுகிற வேலை அந்த அக்காவுக்கு. கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. கம்பெனி பாலித்தீன் கவரில் ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் வைத்திருந்தவர், பையனுடைய பத்தாவது மார்க் சீட்டையும் எடுத்து ஜன்னலில் நீட்டினார். இது எதுக்குங்க அக்கா என்றேன். "கேட்டா குடுக்கோணுமில்லீங்க தம்பி. கணக்குல எழுவத்தெட்டு வாங்கியிருக்கானுங்க" என்றார். உள்ளே இருந்தவர் அதை மட்டும் திருப்பித் தள்ளிவிட்டார்.

"வக்கீலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?" என்று கேட்டவர் எதைக் குத்திக் கேட்டார் என்று புரிகிறது. யாரும் கட்டவில்லை. காவலில் இருக்கிற யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும். இதில் எனக்குப் பங்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

"நாலு மாசம்தானே, இருந்துட்டு வரட்டும்" என்பவர்களுக்கு: அப்பீல் விசாரணைக்கு வருவதற்குள் அந்த நாலு மாதமே முடிந்துவிடும். அதனால்தான் தண்டனையை நிறுத்தி வைக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு. இல்லையென்றால் அவனுக்குக் கஞ்சா விற்றவனோடு ஒரே பிளாக்கில் உட்கார்ந்து, திருந்தியா வருவான்?

போதை என்றால் உங்களுக்கு அவ்வளவு வெறுப்பா? போன கோயில் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடியவர்களில் எத்தனை பேர் நிதானத்தில் இருந்தீர்கள்? மாவிளக்கு முடிந்த மறுநாள் காலையில் கோயில் பின்னால் கிடந்த டாஸ்மாக் பாட்டில்களைப் பொறுக்கியது நானும் பூசாரியும்தான். ஆடி விழுந்த ஒருவரை ஆட்டோவில் ஏற்றி, வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தவன் இதே கஞ்சாக்காரன். திண்ணையில் படுத்தவர் நேற்று முதல் ஆளாகக் கைதட்டியிருக்கிறார். அது சட்டப்படி நடந்த கடையில் வாங்கிய போதை, தப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என்னை நோம்பிக் கமிட்டியிலிருந்து எடுத்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறதாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை, கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். நோம்பிக் கமிட்டிக்கும் செஷன்ஸ் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் கமிட்டிக்காக வீடு வீடாக வரி வாங்கப் போனபோது யாரும் என் யோக்கியதையைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மனு வருகிறது, நான் கோர்ட்டில் இருப்பேன். வரி நோட்டும் மிச்சப் பணமும் வீட்டில் இருக்கின்றன. தகுதியான ஆள் யாராவது புதன்கிழமைக்குள் வந்து, எண்ணி வாங்கிக்கொண்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும். குரூப்பில் கேட்க வேண்டாம், அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.