பாம்பெய்க்குப் போர் தெரியாது என்பவர்களுக்கு

ஜூலியஸ் சீசரைக் கொண்டாடும் வேகத்தில், ரோம உள்நாட்டுப் போரில் அவரை எதிர்த்து நின்ற பாம்பெயை ஒரு கிழட்டுத் தளபதியாக்கி ஓரங்கட்டிவிடுகிறோம். இது பெரிய அநியாயம். அவர் தோற்றுப்போன ஃபார்சாலஸ் போருக்கு ஒரு மாதம் முன்புதான், டிர்ராக்கியத்தில் அவர் சீசரை ஓட ஓட விரட்டியிருந்தார்.

கி.மு. 83-இல் ரோமத் தளபதி சுல்லா படையோடு இத்தாலிக்குத் திரும்பியபோது பாம்பெய்க்கு வயது 23. பதவி எதுவும் கிடையாது. அப்பாவுக்குச் செல்வாக்கிருந்த இத்தாலியின் பிசீனம் பகுதியில் தானே 3 லீஜியன் (சில ஆயிரம் வீரர் கொண்ட ரோமப் படைப்பிரிவு) திரட்டிக்கொண்டு போய் சுல்லாவுடன் சேர்ந்தார். பிறகு சிசிலி, ஆப்பிரிக்கா, ஸ்பெயின். கி.மு. 70-இல் நேரே கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவி. அதற்கு முன் செனட்டில் உட்கார்ந்ததே இல்லை என்பதால், அவை நடைமுறைக்கு நண்பர் வர்ரோவிடம் கையேடு எழுதி வாங்கவேண்டியிருந்தது! நாலு பேரோடு கலந்துபேசி முடிவெடுத்துப் பழகாத மனிதர். கி.மு. 67-இல் மத்தியதரைக் கடலை 13 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு துணைத்தளபதியை நிறுத்தி, கடற்கொள்ளையரை 3 மாதத்தில் ஒடுக்கினாரே, அதுவும் அதிகாரம் முழுக்க அவர் கையில் இருந்ததால் நடந்தது.

கி.மு. 49-இல் சீசர் படையோடு இத்தாலிக்குள் நுழைந்து உள்நாட்டுப் போர் தொடங்கியபோது அந்த அதிகாரம் இல்லை. இத்தாலியின் கார்ஃபினியம் நகரில் ஏறக்குறைய 30 கோஹார்ட்டுகளோடு (10 கோஹார்ட் ஒரு லீஜியன்) உட்கார்ந்திருந்த தன் தரப்புத் தளபதி டொமிஷியஸுக்கு, தெற்கே வந்து சேரச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அவருக்குக் கட்டளையிட பாம்பெய்க்கு உரிமை கிடையாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். டொமிஷியஸ் நகரவில்லை. அத்தனை படையும் சீசரிடம் போனது.

அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் இருந்த டிர்ராக்கியத்தில் பாம்பெயின் கணக்கு எளிமையானது: கடல் நம்முடையது, எதிரியைப் பட்டினி போடு. சீசரின் வீரர்கள் கிழங்கைப் பாலில் பிசைந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். சீசர் தன்னைச் சுற்றிக் கட்டிய முற்றுகைக் கோட்டின் தென்கோடி இன்னும் முடியவில்லை என்று, சீசர் படையில் இருந்த கால் (Gaul) இனச் சகோதரர்கள் இருவர் கட்சி மாறி வந்து சொன்னதும், பாம்பெய் அங்கேயே உடைத்து வெளியேறினார். சீசர் தன் கணக்கிலேயே 960 பேரை இழந்தார்.

இதே வழியில் போயிருந்தால் சீசரின் கதை அந்த வருஷமே முடிந்திருக்கும். ஆனால் கூட இருந்த செனட்டர்களுக்குப் பொறுமையில்லை. போரை வேண்டுமென்றே இழுக்கிறார் என்றார்கள். சீசர் வகித்த தலைமைப் பூசாரிப் பதவி யாருக்கு என்று டொமிஷியஸ், ஸ்பிந்தர், சிபியோ மூவரும் போருக்கு முன்பே சண்டை பிடித்தார்கள். அந்த நெருக்கடியில்தான் பாம்பெய் கிரேக்கத்தின் ஃபார்சாலஸில் போரில் இறங்கினார்.

அங்கே அவர் செய்த தப்புகளை மறைக்கவில்லை. 7,000 குதிரைகளை இடப்பக்கம் ஒரே திரளாகக் குவித்தார். பின்னால் தாங்கிப்பிடிக்கத் தனிப்படை வைக்கவில்லை. சீசர் மறைத்து நிறுத்திய 6 கோஹார்ட்டுகள் ஈட்டியோடு பாய்ந்ததும் குதிரைப்படை சிதறியது, வில்லாளிகள் தனியாக மாட்டிக்கொண்டார்கள், இடப்பக்கம் திறந்துபோனது. காலாட்படையை நகராமல் நிற்கச் சொன்னது இன்னொரு தப்பு. எதிரி ஓடிவந்து களைப்பான் என்று எதிர்பார்த்தார். சீசரின் பழைய வீரர்கள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, வரிசையைச் சரிசெய்துகொண்டு மோதினார்கள்.

தோற்ற பிறகும் கப்பற்படை அப்படியே இருந்தது, ஆப்பிரிக்காவும் கையில் இருந்தது. பாம்பெய் கிழக்கே இருந்த பார்த்தியப் பேரரசுக்குப் போக நினைத்தார் என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க். நண்பர் தியோஃபனீஸ் எகிப்துதான் பக்கம் என்று வாதாட, அங்கும் அடுத்தவர் பேச்சைக் கேட்டார். கி.மு. 48 செப்டம்பர் 28, எகிப்தின் பெலூசியம் கடற்கரை. கரைக்குக் கூட்டிப்போக வந்த சின்னப் படகில், ஒரு காலத்தில் அவர் கீழேயே வேலை பார்த்த செப்டிமியஸும் இருந்தான். முதல் குத்து அவனுடையது.