எங்கள் கதையை எங்களைத் தவிர எல்லோரும் பார்க்கிறார்கள்

கொலம்போஸ்கோப் என்ற சமகாலக் கலைவிழா நடக்கிற வருடங்களில் ஜனவரி வந்தால் போதும், கொழும்புக்குக் கலைக்காய்ச்சல் பிடித்துவிடும். வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து இறங்குவார்கள். கண்காட்சி, படக்காட்சி, இசை, கலந்துரையாடல் என்று பத்து நாள் போல ஊர் கலகலவென்று இருக்கும். முகநூல் முழுக்கப் படங்கள். அந்தப் படங்களில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முகம் ஏதாவது தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள். சுவரில் தொங்கும் படைப்பின் கீழே தமிழ்ப் பெயர் இருக்கும். முன்னால் நின்று பார்ப்பவர்களில் தமிழர் அருமை.

கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "உதெல்லாம் எங்களுக்கு விளங்காது தம்பி." நான் இதை நம்புவதில்லை. இதே ஆட்கள்தான் கலா பொல என்றால் குடும்பத்தோடு வருகிறார்கள். 1993இலிருந்து ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடக்கிற அந்தத் தெருச் சந்தையில் வேலியில் சாய்த்து வைத்த ஓவியங்களைப் பார்த்து, விலை கேட்டு, "இந்த விலைக்கோ!" என்று வாய் பிளந்து, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் நின்று வாக்குவாதப்பட்டுவிட்டுப் போகிறார்கள். அங்கே எல்லாம் விளங்குகிறதாமா? அது தெரு. யாரும் "நீங்கள் யார்?" என்று கேட்கிற மாதிரிப் பார்ப்பதில்லை. காட்சிக்கூடத்துக்கும் கட்டணமில்லைதான். ஆனால் வாசலில் நிற்கும்போதே, நாம் வரக்கூடாத கலியாண வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கூச்சம்.

சரி, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது? தா. சனாதனனை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிப்பவர். இடம்பெயர்ந்த வடபகுதி மக்களிடம் போய், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச்சொல்லிக் கேட்டார். அவர்கள் கீறியதைக் கட்டடக்கலை வரைபடமாகவும் ஆக்கி, கூடவே தன் ஓவியத்தையும் சேர்த்து 2011இல் ஒரு கலைநூலாகக் கொண்டுவந்தார். முடிவுறாத ஒரு தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, என்பதுதான் அதன் எண்ணம். காணி, உறுதி, தோம்பு என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கவுரை வேண்டுமா? உங்கள் அம்மாவிடம் ஒரு பேப்பரும் பேனையும் கொடுத்து, விட்டுவந்த வீட்டைக் கீறச் சொல்லுங்கள். கிணற்றடியிலிருந்து தொடங்குவார்.

ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனையால் வேலிகளையும் கைவிடப்பட்ட வீடுகளையும் வரைகிறார். ஹனுஷா சோமசுந்தரம் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையைத் தேயிலையை வைத்தே பேசுகிறார். மட்டக்களப்பின் புஷ்பகாந்தன் காணாமலாக்கப்பட்டோரை விடாமல் தொடர்கிறார். இவர்களைப் பார்க்க சர்வதேசக் கலைக் கோட்பாடு படித்திருக்க வேண்டியதில்லை. கொழும்பின் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் 2019 டிசம்பரில் முதல் வைத்த கண்காட்சியின் பெயரே கவிஞர் சேரனின் கவிதையிலிருந்து எடுத்ததுதான். அந்தக் கண்காட்சியை 2018இலேயே டாக்காவில் பார்த்துவிட்டார்கள். அப்புறம்தான் கொழும்புக்கு வந்தது. வந்த பிறகாவது எங்கள் ஆட்கள் எத்தனை பேர் போனோம்?

ஆனால் வராததற்கெல்லாம் கூச்சம்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. கொம்பனித்தெரு ரியோ ஞாபகம் இருக்கிறதா? நவரட்ணம் குடும்பத்தின் தியேட்டரும் ஹோட்டலும். 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் எரித்தார்கள். அந்தக் கட்டடத்தில்தான் 2015இலும் 2019இலும் கொலம்போஸ்கோப் நடந்தது. 2019இல் நான் போனேன். கடல்தான் அந்த வருடப் பொருள். உரிந்த சுவர்களுக்கு நடுவே வீடியோத் திரைகள், மேலே ஏறிப் பார்த்தால் சுற்றிவர வளர்ந்துகொண்டிருக்கும் அடுக்குமாடிகள். படியில் நின்ற இளம் சோடி ஒன்று, "இது ஏன் இப்படி விட்டிருக்கிறார்கள், டிசைனா?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டது. நான் சொன்னேன். முகம் மாறிவிட்டது இரண்டு பேருக்கும். பிறகு மாடிக்குப் போகாமல் அந்தப் படியிலேயே நின்று நெடுநேரம் கதை கேட்டார்கள்.

அப்பா அந்தத் தியேட்டரில் படம் பார்த்த ஆள். வாங்கோ என்று கூப்பிட்டேன். "நான் பார்த்தது காணும்" என்றார். அந்தப் பதிலோடு வாதாட என்னால் முடியவில்லை, இப்போதும் முடியாது. சிலருக்கு அந்தப் படியில் ஏறுவதே பெரிய விஷயம். ஏற்பாட்டாளர்கள் அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எரிந்த கட்டடம் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது, யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து.

எனக்கு உண்மையான கோபம் கூடவே நடக்கிற நிகழ்ச்சிகளின் மேல்தான். படைப்பைப் பார்த்துக் கூச்சப்படுகிறவரைக்கூட ஒரு பேச்சு, ஒரு பாட்டு, ஒரு படம் என்று உள்ளே இழுத்துவிடலாம். எங்கள் ஊரில் அவை வேலைநாள் பின்னேரம் நாலு மணிக்கு. இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டும். ஒருமுறை அப்படி ஒரு கலந்துரையாடலுக்குப் போனேன், எங்கே என்று இங்கே வேண்டாம். மேடையில் கிழக்கிலிருந்து வந்த ஒரு தம்பி. மூன்று ஆங்கில வசனத்தோடு அவரை முடித்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்க மற்றவர்கள் அவருடைய படைப்பை அவருக்கே விளக்கினார்கள். வெளியே பிளேன்ரீ குடிக்கும்போது நான் ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அவர் படைப்பில் தைத்திருந்த சேலைத் துண்டுகளில் எது அம்மாவுடையது, எது பக்கத்து வீட்டு மாமியுடையது, எதைத் தர ஒரு பெண் கடைசிவரை மறுத்தார், பிறகு ஏன் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். உள்ளே நூறு கதிரை. வெளியே கேட்டவர்கள் நானும் ரீக்கடை அண்ணையும்.

2012இல் தொடங்கிய, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் கேரளத்தில் நடக்கிற கலைவிழாவான கொச்சி பியென்னாலேயைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நடக்கும். ஊர்ச்சனமும் பள்ளிப் பிள்ளைகளும் வருவதற்கு அந்தக் கால அவகாசமும் ஒரு காரணம். இங்கே பத்து நாள் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி நாம் கேள்விப்படும்போது சாமான் கட்டிவிடுவார்கள். நாளைக் கூட்டக் காசு வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ வெள்ளவத்தைத் தமிழ்ச்சங்கத்திலோ ஒரு ஞாயிறு பின்னேரம் ஒரே ஒரு நிகழ்ச்சி வைக்கப் பெரிய காசு வேண்டாம். அரங்கேற்றம் என்றால் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருக்கிற சனம் இது. கலைஞரை அவருடைய மொழியிலேயே பேச விடுங்கள். விளங்காத வெளிநாட்டுக்காரருக்குக் காதுக்குள் சொல்ல ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம், பிளேன்ரீ தந்தால் சரி.